பயந்த பூனை வாசலுக்கு வந்தால்...



"நம்ம மடல்ல கறவை மாடு பத்தி எழுதுறோம், வெள்ளாடு பத்தி எழுதுறோம், நாட்டுக்கோழி பத்தி எழுதுறோம். பூனைக்கெல்லாம் ஒரு கட்டுரையா? அது என்ன பால் கறக்குமா, முட்டை போடுமா?"

போன கூட்டத்தில் நான் இந்தப் பேச்சை எடுத்ததும் எங்கள் குழுப் பொருளாளர் இப்படித்தான் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தபோது இரண்டு பேர் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் வீட்டுக் கொல்லையில் ஒரு பூனை பத்து நாளாக வந்து எட்டி எட்டிப் பார்க்கிறதாம், கிட்டப் போனால் ஓடிவிடுகிறதாம். "பாவமா இருக்கு, எப்படி அதை உள்ள கூப்பிடுறது?" என்றார். இன்னொருவர் மகனை இரண்டு நாளைக்கு முன்னால் தெருப்பூனை பிராண்டி, ரத்தம் வந்திருக்கிறது. மஞ்சள் அரைத்துப் பூசியிருக்கிறார். "அது போதும்ல அக்கா?" என்று கேட்டார்.

போதாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நானும் அதே தப்பைச் செய்தவள்தான். எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் அடித்து தென்னை எல்லாம் வரிசையாகச் சாய்ந்து கிடந்ததே, அதற்கு அப்புறம் ஒரு மாதம் இருக்கும். கயிறு திரிக்கும் கொட்டகையை அப்போதுதான் நிமிர்த்திக் கட்டியிருந்தோம். ஒருநாள் சாயங்காலம் நார்க் குவியலுக்குப் பின்னால் இரண்டு கண் மட்டும் தெரிந்தது. வெள்ளை, கறுப்பு, செம்பட்டை மூன்றும் கலந்த ஒரு பூனை. விலா எலும்பை எண்ணிவிடலாம், அவ்வளவு மெலிவு. நான் ஒரு அடி வைத்தேன், ஓட்டின் மேல் ஏறிப் போய்விட்டது. (மூன்று நிறமும் கலந்த பூனை அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும். இதை எனக்குப் பிறகு மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னார்.) நெற்றியில் கறுப்பாக ஒரு புள்ளி இருந்ததால் என் மகள் 'பொட்டு' என்று பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்தாயிற்று என்றால் அப்புறம் விட முடியுமா?

பிடிக்கப் போனோம், கடி வாங்கினோம்

ஐந்தாவது நாள். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில், மோர்ச்சோறு தின்றுகொண்டிருந்த பூனையின் மேல் துண்டைப் போட்டுப் பிடித்திருக்கிறாள். அன்பாகத்தான் பிடித்தாள். பூனைக்கு அது தெரியுமா? தன் உயிர் போகப்போகிறது என்றுதான் அதற்குத் தோன்றும். கட்டைவிரல் அடியில் இரண்டு பல் இறங்கிவிட்டது.

நான் வந்தபோது எங்கள் அத்தை சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து அப்பி, துணி வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வீட்டுக்காரர், "நாய் கடிச்சாத்தானே ஊசி? பூனைதானே" என்றார். எனக்கும் அதுதான் தெரியும். நல்லவேளை, மறுநாள் காலையில் தடுப்பூசி நாள் பற்றிச் சொல்ல வந்த நர்சம்மா கட்டைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அவர் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பூனையை வீட்டுக்குள் கூப்பிடுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்க.

வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை. பூனைக்கும் அது வரும், பூனை கடித்தாலும் பிராண்டினாலும் நமக்கும் வரும். வெறிபிடித்த நாய் ஒன்று பூனையைக் கடித்திருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? நோயின் அறிகுறி மனிதருக்கு வந்துவிட்டால் அதற்குமேல் காப்பாற்றுகிற மருந்து இல்லை. ஆனால் கடிபட்ட உடனே செய்யவேண்டியதைச் செய்துவிட்டால் நோய் வராமல் தடுத்துவிடலாம்.

கடித்த இடத்தை உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவணும். பைப்பைத் திறந்துவிட்டுக் காட்டுங்க, இல்லையென்றால் யாராவது செம்பால் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். 15 நிமிடம் என்பது ரொம்ப நேரம், கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். சோப்பு அந்தக் கிருமியைச் செயலிழக்கச் செய்யும், தண்ணீர் அதை வெளியே கொண்டுபோகும். முதல் மருந்தே இதுதான். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காப்பித் தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் கூடாது. பூனைப் பல் ஊசி மாதிரி, மேலே சின்ன ஓட்டைதான் தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். கட்டி வைத்தால் உள்ளேயே சீழ் பிடிக்கும். என் மகளுக்கு மறுநாள் விரல் அடி வீங்கித்தான் இருந்தது.

கழுவின கையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. அரசு மருத்துவமனைகளில் இந்தத் தடுப்பூசிக்குக் காசு கிடையாது. தோலுக்குள் போடுகிற முறையில் முதல் நாள், அதற்குப் பிறகு 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று நாலு தடவை போடுவார்கள். ரத்தம் வந்த காயமாக இருந்தால் காயத்தைச் சுற்றியே இன்னொரு மருந்தும் போடவேண்டியிருக்கும், அது பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கும் என்றால் அனுப்புவார்கள். போங்க. "பத்து நாள் பூனையைப் பார்ப்போம், அதுக்கு ஒண்ணும் ஆகலைன்னா ஊசி வேண்டாம்" என்று காத்திருக்கக் கூடாது. முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு பிறகு பூனையைக் கவனிக்கலாம். எத்தனை ஊசியோடு நிறுத்தலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும். வலி போயிடுச்சு, பள்ளிக்கூடம் இருக்கு என்று நடுவில் நாமாக நிறுத்திவிடவும் கூடாது.

மகளுக்கு நாலு ஊசியும் போட்டோம். பொட்டு? அன்றைக்கு ஓடியது ஒன்பது நாள் கண்ணிலேயே படவில்லை.

பூனை ஏன் இப்படிப் பயப்படுது?

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது என்பார்கள். ஆனால் சூடே படாத பூனையும் பயப்படும். காரணம் அது பிறந்த முதல் இரண்டு மாதத்தில் இருக்கிறது. குட்டி பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைக்கும் அது உலகத்தைப் பழகிக்கொள்கிற காலம். அந்த நாட்களில் மனிதர் கை பட்டு, பேச்சுக் குரல் கேட்டு வளர்ந்த குட்டி பெரிசான பிறகும் மனிதரை நம்பும். அப்போது மனித வாடையே இல்லாமல் வைக்கோல் போரிலோ பாழடைந்த வீட்டிலோ வளர்ந்தால், அதன் கண்ணுக்கு நாமும் ஒரு பெரிய நாய்தான். தகப்பன் பூனையின் சுபாவமும் குட்டிக்கு இறங்கும்.

இன்னொரு வகை, வீட்டில் வளர்ந்து தெருவுக்கு வந்த பூனை. வழி தவறியிருக்கும், அல்லது வீட்டுக்காரர்கள் ஊர் மாறியபோது விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். முதல் வாரத்தில் இரண்டு வகையும் ஒரே மாதிரிதான் ஓடும். கொஞ்ச நாள் போனால் ஒரு அடையாளம் தெரியும். பெரிய பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' என்று அதிகம் கத்திக்கொள்வதில்லை, அது பெரும்பாலும் மனிதரிடம் பேசுகிற பாஷை. தூரத்தில் நின்றாவது உங்களைப் பார்த்துக் கத்தினால் அதற்கு முன்னால் ஒரு வீடு இருந்திருக்கும். அப்படியென்றால் நாலு தெரு விசாரியுங்க. யாராவது அதைத் தேடிக்கொண்டு இருக்கலாம்.

எட்டி உட்காருங்க

பத்தாம் நாள் பொட்டு திரும்பி வந்தபோது நான் புத்தியாக நடந்துகொண்டேன். முதல் விஷயம், ஒரே இடம், ஒரே நேரம், ஒரே தட்டு. சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரத்துக்குக் கொட்டகை மூலையில் தட்டை வைத்துவிட்டு வந்துவிடுவேன். திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். பூனைக்கு நம்பிக்கை வருவது நம் முகத்தைப் பார்த்து இல்லை, தினமும் ஒரே மாதிரி நடக்கிறதா என்பதைப் பார்த்துத்தான். நம் குழுவுக்குக் கடன் கொடுக்கிறபோது வங்கியும் அப்படித்தானே பார்க்கிறது, மாதாமாதம் தவறாமல் கட்டுகிறார்களா என்று!

ஒரு வாரம் கழித்து, தட்டு வைத்த பிறகு பதினைந்து அடி தள்ளித் தரையில் உட்கார்ந்தேன். நின்றால் நாம் அதற்குப் பனைமரம். உட்கார்ந்தால் பாதி பயம் குறையும். கையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுங்க, கீரை ஆய்வது, பூக் கட்டுவது. அதை நேராக உற்றுப் பார்க்காதீங்க, பூனை பாஷையில் உற்றுப் பார்ப்பது சண்டைக்குக் கூப்பிடுவது. அது உங்களைப் பார்த்தால் மெதுவாகக் கண்ணைப் பாதி மூடித் திறந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்க. சிரிக்க வேண்டாம், 2020-ல் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதையே ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள். மனிதர் அப்படி மெதுவாகக் கண் சிமிட்டினால் பூனையும் திருப்பிச் சிமிட்டுகிறது, பழக்கமில்லாத ஆளின் கையை நோக்கியும் கூடுதலாக வருகிறது என்று கண்டார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருட்டு என்று நினைக்கும் என்று நாம் கேலி பேசுகிறோம். 'உன்னை நம்பித்தான் கண்ணை மூடுகிறேன்' என்று அது சொல்லுகிறது போல!

பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தடவை தட்டை ஒரு அடி வீட்டுப் பக்கமாக நகர்த்தினேன். அது தயங்கி நின்றால் மறுநாள் பழைய இடத்துக்கே. இப்படிக் கொட்டகையிலிருந்து கொல்லைத் திண்ணைக்கு வர எங்களுக்கு ஒன்றரை மாதம் ஆனது. பக்கத்து வீட்டில் ஒரு குட்டி நாலே நாளில் மடியில் ஏறிவிட்டது. ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்குக் கணக்குப் போடாதீங்க.

தொடுவது எப்போது? அதுவாக வந்து காலில் உரசும்போது. அப்போதும் முழுக் கையை நீட்டாமல் ஒரு விரலை மட்டும் மடக்கி, அதன் மூக்கு உயரத்தில் காட்டுங்க. மோந்து பார்த்துவிட்டுக் கன்னத்தைத் தேய்த்தால் கன்னத்திலும் தாடையிலும் தடவலாம். முதுகு பிறகு. வயிறு வேண்டவே வேண்டாம், மல்லாக்கப் படுத்துக் காட்டினாலும் வேண்டாம். காது பின்னால் படிந்தாலோ, வால் சட்டுச் சட்டென்று அடித்தாலோ கையை எடுத்துவிடுங்க. இதைப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் சொல்லித்தரணும். என் மகளுக்கு நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: 'அது உன்கிட்ட வரலாம், நீ அதுகிட்டப் போகக்கூடாது.'

என்ன போடலாம், என்ன போடக்கூடாது

பூனை என்றாலே நாம் பால் ஊற்றுவோம். ஆனால் வளர்ந்த பூனை பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். ஏற்கெனவே மெலிந்த பூனைக்கு அது பெரிய கேடு. தண்ணீர்தான் வேண்டும், அதையும் சாப்பாட்டுத் தட்டை விட்டுத் தள்ளி வையுங்க.

மோர்ச்சோறு மட்டும் போட்டு வளர்க்கவும் முடியாது. நான் முதலில் அதைத்தான் போட்டேன். பூனை மாமிசம் தின்றே வாழ வேண்டிய பிராணி. டாரின் என்று ஒரு சத்து, அது மீன், கறியில்தான் இருக்கிறது. அது குறைந்தால் பூனைக்குக் கண் பார்வை போகும், இருதயமும் கெடும். அதற்காகக் கடையில் விலை கொடுத்து மீன் வாங்கச் சொல்லவில்லை. நாம் குழம்புக்கு ஆய்கிறபோது எடுத்து வைக்கிற மீன் தலை, பொடி மீன், கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கிற கழுத்து, சதைத் துண்டு எதுவானாலும் உப்பு, காரம் போடாமல் வேகவைத்து, முள்ளையும் எலும்பையும் எடுத்துவிட்டு, கொஞ்சம் சோற்றோடு பிசைந்து கொடுங்க. கருவாட்டில் உப்பு அதிகம், அது வேண்டாம். வெந்த எலும்பு சிலாம்பாக உடைந்து தொண்டையைக் குத்தும்.

குழம்புச் சோறு போடாதீங்க. காரம் மட்டும் காரணமில்லை. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம், அதன் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வெந்திருந்தாலும் அப்படித்தான். நம்ம வீட்டில் வெங்காயம் இல்லாத குழம்பு ஏது?

அடுத்தது பாராசிட்டமால். எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், பூனை காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறதே என்று பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த மாத்திரையில் பாதியைப் பொடித்துக் கொடுத்தார். அடுத்த நாள் முகம் வீங்கி, ஈறு பழுப்பாகி, மூச்சு வாங்கி அது செத்துப்போனது. காய்ச்சலில்தான் செத்தது என்று அவர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும், பாதியே போதும். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறித்து வெளியே தள்ளுகிற சக்தி கிடையாது. தரைக்குப் போடுகிற ஃபினாயிலும் இதே காரணத்தால் அதற்கு ஆகாது, மிதித்துவிட்டுக் காலை நக்குமே. அது நடமாடுகிற இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்க. நாய்க்கும் மாட்டுக்கும் போடுகிற உண்ணி மருந்தையும் பூனை மேல் தடவக்கூடாது. பெர்மெத்ரின் கலந்த மருந்தாக இருந்தால் வலிப்பு வந்து சாகும்.

எலி மருந்து வைக்கிற வீடாக இருந்தால், பூனைக்குத் தட்டு வைப்பதற்கு முன்னால் அதை நிறுத்துங்க. மருந்து தின்ற எலி தள்ளாடும், தள்ளாடுகிற எலியைப் பூனை சுலபமாகப் பிடிக்கும், அப்புறம் பூனையும் போகும். பூனை வந்துவிட்டால் எலியே இருக்காது என்றும் நம்பிவிடாதீங்க. பூனை வாடைக்குக் கொஞ்சம் ஒதுங்கும், அவ்வளவுதான். அரிசியைத் தகர டின்னில் மூடி வைப்பதுதான் எலிக்கு வழி. கோழிக்குஞ்சு இருந்தால் பஞ்சாரத்தால் மூடுங்க. எவ்வளவு சாதுப் பூனையும் குஞ்சைப் பார்த்தால் பூனைதான்.

வீட்டுக்குள் வந்த பிறகு

பொட்டு முதல் தடவை நிலைப்படி தாண்டியது ஒரு மழை ராத்திரி. அத்தை சத்தம் போடாமல் கதவைச் சாத்தப் போனார்கள், நான் கையைக் காட்டித் தடுத்தேன். வந்த வழி திறந்திருக்கு என்று தெரிந்தால்தான் அது மறுபடி வரும். அன்றைக்கு அடைத்திருந்தால் ஒன்றரை மாத உழைப்பும் போயிருக்கும்.

உள்ளே வந்தால் முதலில் அதற்கு ஒளிய ஒரு இடம் வேண்டும். நான் ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, பழைய புடவையைப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். மூன்று நாள் அதற்குள்ளேயே இருந்தது. ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு வந்து சாப்பிடும். ஒளிந்திருக்கும்போது இழுக்கக் கூடாது, குனிந்து டார்ச் அடித்துப் பார்க்கவும் கூடாது. மிக்ஸி, டி.வி. சத்தத்துக்கு அது மெதுவாகத்தான் பழகும். வெளியே போய்வர வழியில்லாத வீடென்றால் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மணல் போட்டு மூலையில் வையுங்க, சொல்லித்தர வேண்டாம், தானே தோண்டி மூடிக்கொள்ளும். எங்கள் பக்கம் மணலை விடத் தென்னை நார்த்தூள் நல்லது. ஈரத்தை இழுக்கும், வாடையும் குறைவு, நமக்குக் காசும் கிடையாது. தினமும் அள்ளிப் புதைக்கணும்.

வளர்ந்த பூனைகளில் சில கடைசி வரைக்கும் வீட்டுக்குள் வராது. தப்பு உங்க மேல் இல்லை. கொல்லையில் ஒரு சாக்கு, வேளைக்குச் சாப்பாடு என்று இருந்துவிட்டுப் போகட்டும், அதுவும் வீடுதான்.

மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகணும்

ஓரளவு பழகின உடனே செய்யவேண்டியது வெறிநோய்த் தடுப்பூசி. மூன்று மாதக் குட்டியிலிருந்து போடலாம். பிறகு டாக்டர் சொல்கிற இடைவெளியில், அப்புறம் வருடா வருடம். அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்க. ஜூலை 6-ம் தேதி விலங்குவழி நோய்கள் தினம், 1885-ல் அந்தத் தேதியில்தான் லூயி பாஸ்டர் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி போட்டார். அந்த நாளை ஒட்டிப் பல ஊர்களில் இலவச முகாம் நடக்கும், தெரிந்துகொண்டு போங்க. குடற்புழு மருந்தும் அப்போதே எடை பார்த்துக் கொடுப்பார்கள்.

எப்படிக் கொண்டுபோவது? கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் பழைய கதைதான். மூடி உள்ள கூடையோ, இரண்டு காய்கறிக் கிரேடை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டினதோ போதும். அதை ஒரு வாரம் முன்பே வீட்டில் திறந்து வைத்து, உள்ளேயே சாப்பாட்டை வையுங்க. தானாக நுழையப் பழகின பிறகு ஒருநாள் மூடிவிடலாம். மேலே துணியைப் போர்த்தினால் சத்தமில்லாமல் வரும்.

பெண் பூனையானால் கருத்தடை ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீங்க. ஐந்தாறு மாதத்திலேயே அது சினையாகும், ஏறத்தாழ 9 வாரத்தில் குட்டி போடும், மூன்று நாலு குட்டி. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகிவிடும். அந்தக் குட்டிகளும் ஆறு மாதத்தில் தாயாகும். வட்டிக்கு வட்டி ஏறுகிற கந்துக்கடன் மாதிரிதான். கடைசியில் ஒரு சாக்கில் கட்டி ஆற்றங்கரையில் விடுவார்கள், நாம் பார்த்ததில்லையா? ஆண் பூனைக்கும் செய்யலாம், சண்டையும் ஊர்சுற்றலும் குறையும். எங்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலியிலும் உண்டு. தூரமாக இருந்தால் பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் எந்தக் கிழமை ஆபரேஷன் என்று முன்கூட்டிக் கேளுங்க. தையல் ஆறும் வரை பத்து நாள் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கணும்.

கர்ப்பிணி இருக்கிற வீட்டில்

மருமகள் முழுகாமல் இருக்கிறாள், பூனை வேண்டாம் என்று விரட்டிவிட்ட வீடுகள் உண்டு. பூனை முடி சோற்றில் விழுந்தால் கரு தங்காது என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் இதில் பாதி உண்மை ஒன்று இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்கிற கிருமி பூனையின் மலத்தில் இருக்கலாம், கர்ப்பத்தில் புதிதாக அது தொற்றினால் குழந்தையைப் பாதிக்கும். மலம் வெளியான ஒரு நாளுக்குப் பிறகுதான் அது தொற்றுகிற நிலைக்கு வரும். அதனால் தொட்டியைத் தினமும் சுத்தம் செய்யணும், அந்த வேலையைக் கர்ப்பிணி செய்யாமல் வீட்டில் வேறு யாராவது செய்யணும். தோட்ட மண்ணில் வேலை செய்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, காய்கறியை நன்றாக அலசுவது, கறியை முழுசாக வேகவைப்பது இவையும் அதே அளவு முக்கியம், அரைவேக்காட்டுக் கறியாலும் அது வரும். பரிசோதனைக்குப் போகும்போது வீட்டில் பூனை இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்க. வீட்டில் யாருக்காவது பூனை கிட்ட வந்தால் மூச்சிரைப்பு வருகிறதென்றால் அது வேறு விஷயம், அப்போது பூனைக்குக் கொல்லைதான் சரி.

சகுனத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று அத்தை கேட்கிறார்கள். தினம் காலையில் பொட்டு எனக்குக் குறுக்கே பத்துத் தடவை போகிறது. நானும் பத்து மணிக்குக் கொட்டகைக்குப் போய்த் தினம் கயிறு திரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இத்தனை வருடம் கழித்தும் பைக் சத்தம் கேட்டால் அது கட்டிலுக்கு அடியில் போய்விடும். அன்னியர் யாரும் தொட்டதில்லை. குழுக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தால் மட்டும், எல்லோரும் உட்கார்ந்து பேச்சு அடங்கின பிறகு மெதுவாக வந்து என் முதுகுக்குப் பின்னால் படுத்துக்கொள்ளும். பொருளாளர் அதைப் பார்க்காத மாதிரி பார்ப்பார்.

மகனுக்கு மஞ்சள் பூசினேன் என்று சொன்ன அந்தத் தங்கச்சியை மறுநாள் காலையிலேயே பையனோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே முதல் வேலையாகக் காயத்தைச் சோப்புப் போட்டு மறுபடி கழுவினார்கள். தாமதமானாலும் போடாமல் இருப்பதை விட வந்தது நல்லது என்றார் டாக்டர். மூன்று ஊசி முடிந்துவிட்டது. 28-ம் நாள் ஊசிக்கான தேதியைத் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த மடல் உங்கள் கைக்கு வரும்போது அதையும் போட்டிருப்பான்.